சார்ல்ஸ்டவுன் கரையோரம் நிற்கிறோம்

நியூ பிரிட்டன், கனெக்டிகட்
1999 ஜூன் 14

மதிப்பிற்குரிய திருமதி டெஃப்ட் அவர்களுக்கு,

என் பெயர் புரூனோ காவ்லிக். பதினோரு வருடமாக மே மாதத்து மூன்றாவது புதன்கிழமை உங்கள் கணவரின் ‘ப்ரூடென்ஸ்’ படகை வாடகைக்கு எடுக்கும் ஆறு பேரில் ஒருவன். நாலு வருடத்துக்கு முன் நீங்களே படகில் கையாளாக வந்திருந்தீர்கள். அன்று என் கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள்ளைக் குறடால் வெட்டி எடுத்து, “அழுறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழுங்க, மீன் பயந்துக்கும்” என்றீர்கள். அந்த விரல்காரன் நான்தான்.

போன மாதம் மருத்துவமனை வராந்தாவில் உங்களைப் பார்த்தேன். கிட்டே வரத் தைரியம் வரவில்லை. அன்று படகில் நடந்ததை உங்களுக்கு யாராவது முழுதாகச் சொன்னார்களா என்று தெரியவில்லை. சொல்லவேண்டியவன் நான். ரேடியோவில் பேசியது நான்தான்.

விடியும்போது நீரோட்டத்தில் வரிமீன் பிடித்தோம். சீசனின் முதல் வாரம், தண்ணீர் இன்னும் ஜில்லென்றிருந்தது. ஆனாலும் நல்ல மீன்கள். மூன்றை வைத்துக்கொண்டோம், அளவுக்குக் குறைந்த இரண்டைத் திருப்பி விட்டோம். ஓட்டம் நின்றதும் கேப்டன் படகை மணல் பக்கம் நகர்த்தி, தட்டைமீனுக்குத் தூண்டிலை அடியில் இழுபடவிடச் சொன்னார். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. படகின் முன்பக்கம் எங்களுக்கே தெரியவில்லை. ஒன்பது நாற்பதுக்கு அவர் குனிந்து கணவாயைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கத்தி கீழே விழுந்தது. பிறகு அவரும். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்து போயிருந்தது. எங்களில் ஒருவனான டெடி, அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தான்.

ரேடியோவை நான் எடுத்தேன். கடலோரக் காவல் படைக்காரர் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். “சார்ல்ஸ்டவுன் கரையோரம் நிற்கிறோம்” என்றேன். காலையிலிருந்து கேப்டன் மற்றப் படகுகளிடம் மூன்று தடவை அதைத்தான் சொல்லியிருந்தார். படகு நிற்கும் இடத்தைக் காட்டும் திரையில் இருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னார்கள். திரைமேல் வழக்கம்போல ஒரு துண்டு கிடந்தது. அதைத் தொட்டால் கடலில் தள்ளிவிடுவேன் என்று கேப்டன் வருடாவருடம் மிரட்டுவார். எடுத்தேன். உள்ளே கருப்பாக இருந்தது. பொத்தான்களை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

படகைக் கிளப்பிப் போக எங்களில் யாருக்கும் துணிவில்லை. எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் கரை என்றே தெரியாதபோது எங்கே போவது? மதியம் பனி விலகியது. எதிரே தெரிந்தது ப்ளாக் தீவு. சார்ல்ஸ்டவுன் இல்லை. தீவுக்குப் போகும் பயணிகள் கப்பல்தான் எங்களைப் பார்த்தது.

நான் ஒன்பது மைல் தவறாகச் சொல்லியிருக்கிறேன். தொழிற்சாலையில் முப்பது வருடமாகப் பேரிங் உருண்டைகளை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்கு அளந்து பார்ப்பவன் நான்.

கேப்டனை ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

பணிவுடன்,
புரூனோ காவ்லிக்


பாயின்ட் ஜூடித், ரோட் தீவு
ஜூலை 2

திரு. காவ்லிக்,

வேண்டாம்.

கடிதம் எழுதும் அளவுக்கு எனக்கு நேரமில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். திரை கெட்டுப்போகவில்லை. அதன் வலது பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திருகு இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். ஆல்டன் அதை முழுக்கக் குறைத்து வைத்து, அதற்கு மேலும் துண்டு போடுவார். சொந்தப் படகு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த ஞாயிறே அங்கே வந்து நிற்பார்கள் என்று பயம். அந்தத் திருகை அரை வட்டம் திருப்பியிருந்தால் நீங்கள் இருந்த இடம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் கொடுக்கும் ஒரு மருந்து இருக்கிறதாம். ரத்தக்கட்டியைக் கரைக்குமாம். ஆல்டனைக் கொண்டுவந்தபோது நாலு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. டாக்டர் இதை என்னிடம் சொன்னபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இப்போது வலது கை, வலது கால் இரண்டும் விளங்கவில்லை. பேச்சும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு ஸ்பூன் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. ஜூன் முழுக்க முன்பதிவு செய்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து வராதீர்கள் என்று சொன்னேன். அதில் உங்களைப் போல நல்லவர்கள் நிறைய, எல்லோரும் ‘எங்களால் ஆனது ஏதாவது’ என்றார்கள். ஆனது ஒன்றுமில்லை.

நீங்கள் உண்மை கேட்டீர்கள். இதுதான் அது.

வெர்னா டெஃப்ட்


நியூ பிரிட்டன்
ஜூலை 11

மதிப்பிற்குரிய திருமதி டெஃப்ட் அவர்களுக்கு,

நன்றி. கோபத்தோடு எழுதியிருந்தாலும் எழுதினீர்கள்.

திருகைப் பற்றிச் சொன்னதும் நான் ஒரு காரியம் செய்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இங்கே படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போய் அதே மாதிரித் திரையைக் காட்டச் சொன்னேன். திருகு நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அரை வட்டம்கூட வேண்டாம், கால் வட்டம் போதும். கடைக்காரர் வாங்குகிறீர்களா என்று கேட்டார். இல்லை, சும்மா திருகிப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் என் மனைவி ஹெட்டியைப் பார்த்தார். ஹெட்டி என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். முதல் கடிதத்தில் விட்டுவிட்டேன். நான் ரேடியோவில் பேசி ஒரு ஐந்து நிமிடம் இருக்கும். பனிக்குள் ஒரு படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. மிகக் கிட்டே. நாங்கள் ஆறு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். நான் ஒரு வாளியைத் தட்டினேன். அந்தப் படகு ஒரு தடவை ஊதியது. வேகத்தைக் குறைத்தது. பிறகு வேகமெடுத்து வடமேற்காகப் போய்விட்டது. எங்களைத் தேடித்தான் போயிருக்கிறது என்று பிறகு புரிந்தது. நான் சொன்ன இடத்துக்கு.

கேப்டன் முழுக்க நினைவோடுதான் இருந்தார். தலையைத் தூக்கி என் மடியில் வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். விடாமல், கண் கொட்டாமல்.

அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது உங்களிடம்தான், ஒன்பதேகாலுக்கு. உங்கள் வீட்டு ரேடியோவுக்குக் கூப்பிட்டு ராத்திரிக்குக் கிளிஞ்சல் சூப் வைக்கச் சொன்னார். நீங்கள் சொன்ன பதிலைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்தார் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது.

பணிவுடன்,
புரூனோ காவ்லிக்


பாயின்ட் ஜூடித்
செப்டம்பர் 20

திரு. காவ்லிக்,

உங்கள் கடிதத்தை இரண்டு மாதம் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி லைல் வந்து போனதிலிருந்து மனசு கேட்கவில்லை.

லைலும் கேப்டன்தான். அவனுடைய படகு எங்களுடையதிலிருந்து மூன்று இடம் தள்ளி நிற்கும். மே மாதத்திலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சீசன் வேலை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் உட்காராமல் சமையலறை வாசலிலேயே நின்றான்.

“அக்கா, அன்னிக்கு நானும் வடமுனைத் திட்டுலதான் இருந்தேன்” என்றான்.

வடமுனைத் திட்டு என்பது ப்ளாக் தீவின் வடக்கு மூக்கு. நீங்கள் இருந்த இடம் அதுதான். அன்று காலை லைல் எல்லோரிடமும் துறைமுக வாயிலில் நிற்பதாக ரேடியோவில் சொல்லியிருக்கிறான். ஆல்டன் சார்ல்ஸ்டவுன் என்று சொன்னார். இருவரும் நின்றது ஒரே திட்டில், அரை மைல் இடைவெளியில். உங்கள் அழைப்பைக் கேட்டதும் தூண்டிலை அறுத்தெறிந்துவிட்டுச் சார்ல்ஸ்டவுனுக்குப் பறந்திருக்கிறான். போகும் வழியில் ராடாரில் ஒரு புள்ளி. யாரோ என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறான்.

“அந்தாளு பொய் சொல்றவர்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா தெரியும். ஆனா உயிர் போற நேரத்துல அது ஞாபகம் வரல அக்கா” என்று அழுதான். ஐம்பது வயது ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்து எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

உங்களுக்கு இது புரிய ஒன்று சொல்கிறேன். இந்தத் துறைமுகத்தில் எந்தக் கேப்டனும் மீன் கிடைக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லமாட்டான். சொன்னால் அரைமணியில் நாற்பது படகு வந்து இறங்கும். சீசன் ஆரம்பத்தில் கேட்கவே வேண்டாம். மீன் இன்னும் எல்லா இடத்துக்கும் வந்து சேராத சமயம், கிடைத்த ஒரு மூலையைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். இருக்கும் இடம் ஒன்று, சொல்லும் இடம் இன்னொன்று. இதை யாரும் பொய் என்று சொல்வதுகூட இல்லை. காலை வணக்கம் சொல்வது மாதிரி.

ஆகவே தப்பு முழுக்க உங்களுடையது இல்லை. திருகைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது. எனக்கே அந்தத் திருகு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது, முதல் வருடம்.

ஆல்டனுக்கு ஒரு வாக்கியம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. இந்த மாதிரி நோயாளிகளுக்கு அடிக்கடி சொல்லிப் பழகிய ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளுமாம். சிலருக்குக் கெட்ட வார்த்தை, சிலருக்கு ஜெபம். இவருக்கு, “இங்க ஒண்ணும் இல்ல, வெறும் குப்பமீனு.” பசிக்கிறதா என்றால் அதுதான். எங்கே வலிக்கிறது என்றாலும் அதுதான். போன வாரம் முதுகில் புண் வந்து சீழ் பிடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. அதைத் துடைக்கும்போதும் என்னிடம் அதையேதான் சொன்னார், கண்ணில் தண்ணீர் வழிய. நான் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சூப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவரோடு பேசிவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். சூப் வைக்கவில்லை.

வெர்னா


நியூ பிரிட்டன்
அக்டோபர் 9

திருமதி டெஃப்ட்,

இந்தக் கடிதத்தை ஹெட்டி அனுப்பாதே என்றாள். அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அரைமணி நேரம். பிறகு கோபம் வந்தது. கார் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கணவரைப் பெயர் சொல்லித் திட்டினேன். நோயாளியைத் திட்டுகிறோமே என்ற வெட்கம் பிறகுதான் வந்தது.

கையில் பெரிய வரிமீனை வைத்துக்கொண்டு அவர் ரேடியோவில், “இங்க ஒண்ணும் இல்லப்பா, வெறும் குப்பமீனு” என்பார். எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். பதினோரு வருடமும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். மீனைப் பற்றிப் பொய் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். இடத்தைப் பற்றியும் சொல்கிறார் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஒரே பேச்சில் பாதி பொய் என்றால் மற்றப் பாதியை ஏன் நம்பினோம்? அளந்து பார்ப்பதே என் வேலை. நான் அளக்கவில்லை.

மற்ற ஐவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. டெடி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், “விடு புரூனோ, யாரு ரேடியோவை எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்” என்றான். உண்மைதான். ஆனால் எடுத்தது நான்.

ஒன்று கேட்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு அளவுகோலை மட்டும் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பார்கள். யாரும் அதை வேலைக்கு எடுக்கமாட்டோம். மற்ற அளவுகோல்கள் எவ்வளவு தேய்ந்து பிசகினாலும் அதோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். கடல் முழுக்க எல்லோரும் இடம் மாற்றிச் சொல்வது வழக்கம் என்றால், ஆபத்துக்கென்று யாராவது ஒருவரிடமாவது உண்மையான இடத்தைச் சொல்லி வைக்கமாட்டார்களா? அன்று கேப்டன் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஒரே ஒரு ஆள் எங்காவது இருந்தாரா?

புரூனோ காவ்லிக்


பாயின்ட் ஜூடித்
நவம்பர் 3

திரு. காவ்லிக்,

அப்படி யாரும் இல்லை.

படகை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். குளிர் வந்துவிட்டது, ஆல்டனை வெளியே உட்காரவைக்க முடிவதில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டால் துறைமுகம் தெரிகிறது. அதனால் வேறு பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். அது அவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி எழுதவேண்டாம். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வெர்னா டெஃப்ட்


நியூ பிரிட்டன்
2000 ஏப்ரல் 24

அன்புள்ள திருமதி டெஃப்ட்,

எழுதவேண்டாம் என்றீர்கள். ஐந்து மாதம் பொறுத்தேன். இது கடைசி.

மூன்றாவது புதன்கிழமை வருகிறது. மற்ற ஐவரும் வேறு துறைமுகத்தில் வேறு படகு பேசிவிட்டார்கள். போவதில் தப்பில்லை. நான் போகவில்லை. தூண்டில் கோல்களைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஏரியில் பிடிப்பவர். ஈஸ்டர் அன்று ஹெட்டி மேஜையில் மீன் வைத்தாள். எழுந்து போய்விட்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தொழிற்சாலையில் மார்ச் மாதம் ஒரு பெட்டி உருண்டையைத் தவறாகச் சரி என்று அனுப்பிவிட்டேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. மேலாளர் என்னைத் திட்டாமல் விடுப்பில் போகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நீங்கள் ‘அப்படி யாரும் இல்லை’ என்று எழுதியதைப் பலமுறை யோசித்தேன். பெட்டியில் அளவுகோலே இல்லை என்றால் அளந்தவன்தான் பொறுப்பு. லைல் ராடாரில் பார்த்தது பெயரில்லாத ஒரு புள்ளி. காவல் படைக்காரர்களுக்குக் கிடைத்தது நான் கொடுத்த வார்த்தை. உண்மை இருந்த ஒரே இடம் அந்தத் திரை. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றவன் நான். துண்டையும் எடுத்துவிட்டேன். கால் வட்டம் திருப்பவில்லை. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் கணக்கு என்னிடம்தான் வந்து முடிகிறது, வேறு யாரிடமும் போகவில்லை.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன், பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. மே 20 சனிக்கிழமை நானும் ஹெட்டியும் காரில் வருகிறோம். கேப்டன் முன்னால் உட்கார்ந்து, ‘உங்களை இப்படி ஆக்கியது நான்தான்’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் என்ன செய்தாலும் சரி. கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவோம்.

புரூனோ


பாயின்ட் ஜூடித்
மே 9

புரூனோ,

அப்படி அவரிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு அது பொய் என்று தெரியும். ஏனென்று சொல்கிறேன். இதை லைலுக்கும் சொன்னதில்லை.

போன வருடம் மே 18, செவ்வாய்க்கிழமை, ஆல்டன் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவி விழுந்தது. குனிந்து பொறுக்க வலது கை வரவில்லை. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றேன். சீசன் முதல் வாரம், கனெக்டிகட்காரர்கள் ஜனவரியிலேயே பதிவு செய்தவர்கள், வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். மே கடைசியில் வரும் மெமோரியல் தினம் வரை கையாள் வைப்பதில்லை, அதுவரை அவரால் தனியாக முடியாத நாட்களில் நான்தான் கூடப் போவேன். அன்று சண்டை போட்டுவிட்டு, “போறதுன்னா தனியா போ, நான் வரமாட்டேன்” என்றேன். நான் வரவில்லை என்றால் அவரும் போகமாட்டார் என்று நினைத்தேன். போய்விட்டார். முதல் தப்பு அது.

நீங்கள் கேட்ட அளவுகோல் நான்தான்.

வடமுனைத் திட்டுக்குக் கிளிஞ்சல் சூப். சார்ல்ஸ்டவுனுக்கு அவரைக்காய். துறைமுக வாயிலுக்கு இறைச்சி ரொட்டி. கல்யாணமான வருடத்திலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு. எங்கே போய் நின்றாலும் ஒன்பது மணிவாக்கில் வீட்டு ரேடியோவில் என்னைக் கூப்பிட்டு ராத்திரிச் சாப்பாடு சொல்வார். நாற்பது படகு கேட்டுக்கொண்டிருக்கும், ஒருவனுக்கும் புரியாது. எது நடந்தாலும் நான் ரேடியோவை அணைக்கக்கூடாது என்பதும் ஏற்பாட்டில் ஒன்று. இருபத்தொன்பது வருடம் அணைத்ததில்லை. என் அம்மா செத்த அன்றுகூட அணைக்கவில்லை.

அன்று ஒன்பதேகாலுக்குச் சூப் வைக்கச் சொன்னார். திட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். “நீயே வந்து வச்சுக்க” என்றேன். பின்னால் நீங்கள் எல்லோரும் சிரிப்பது கேட்டது. அவர் சிரிப்பும் கேட்டது. நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழுதிருக்கிறேன், அங்கே சிரிக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. ரேடியோவை அணைத்தேன். கொஞ்ச நேரம் அவரும் தவிக்கட்டும் என்றுதான். கடைக்கெல்லாம் போகவில்லை. அதே அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு நீங்கள் கூப்பிட்டபோது அந்த ரேடியோ என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டரைக்குக் கோபம் தணிந்து போட்டேன். கப்பல்காரன் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நீங்கள் சார்ல்ஸ்டவுன் என்ற அந்த நிமிடமே நான் குறுக்கே பேசி, இல்லை, வடமுனைத் திட்டு என்று சொல்லியிருப்பேன். லைல் அரை மைலில் இருந்தான். ஐந்து நிமிடம். பதினொரு மணிக்குள் மருந்து ஏறியிருக்கும்.

அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினீர்களே, அந்த வரியை என்னால் இன்றுவரை இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. நீங்கள் தப்பான இடம் சொல்வது அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் திருத்துவேன் என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இரண்டரை மணி நேரம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு உங்களுக்குத் திருகைப் பற்றி எழுதினேன். நீங்கள் சுமப்பது எனக்கு வசதியாக இருந்தது. கேட்டபோதும் யாரும் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டால், பயம்தான். ஊரெல்லாம் வெர்னா எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பார் என்று சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது.

நீங்கள் திரும்பப் போய் மீன் சாப்பிடுங்கள். அந்தக் கோல்களைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் திருப்பிக் கேளுங்கள்.

சனிக்கிழமை வாருங்கள். ஹெட்டியையும் கூட்டிவாருங்கள். ஆனால் அவர் முன்னால் நீங்கள் எதுவும் ஒப்புக்கொள்ளவேண்டாம். நேற்றுக் காலை அதை நானே செய்துவிட்டேன். இதே கடிதத்தை எழுதி முடித்து, அனுப்புமுன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்துக்காட்டினேன். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தையும் சொல்லவில்லை. நான் படித்து முடித்ததும் இடது கையை நீட்டிக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. சாப்பிடும்போதும் விடவில்லை. அனுப்பாதே என்கிறாரா, என்னிடம் இருக்கட்டும் என்கிறாரா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் இதை மறுபடி முதலிலிருந்து எழுதியிருக்கிறேன்.

வெர்னா